கடைசிப் பத்தி

அவர் யாருடைய பொருளையும் எடுத்தவரில்லை. ஐஸ் பிளாண்டில் யாராவது குடையை மறந்து வைத்துவிட்டுப் போனால் அதை வாசலில் ஓர் ஆணியில் மாட்டி, உரியவர் வந்து எடுக்கும்வரை மாதக்கணக்கில் தொங்கவிடுவார். அவர் எடுத்துக்கொண்டது வேறொன்று. மற்றவர்களுக்கு நடந்ததை எடுத்துக்கொள்வார்.

முதலில் என்னுடையதை எடுத்தார். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுக் கொல்லயில் என்ற ஊரிலிருந்து ஓடியவன். திருப்பூரில் சாயப்பட்டறை, கோவாவில் ஓட்டல், பிறகு மால்பேயில் ஒரு விசைப்படகு என்று பதினைந்து வருடம் அலைந்து, நடுவில் வண்டி ஓட்டப் பழகி, கடைசியில் ஊர்ப்பக்கமே திரும்பி அவரிடம் வேலை கேட்டு நின்றேன். இதுவரை என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். மால்பேயில் ஒருநாள் படகின் ஐஸ் அறைக்குள் இறங்கி மீன் அடுக்கிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் மேலே மூடியைப் போட்டுவிட்டார்கள். எஞ்சின் சத்தத்தில் நான் தட்டியது கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் ஐஸ்மேல் கிடந்தேன். ஒரு வாரம் கழித்து இரண்டு கால்நகம் கழன்று விழுந்தது. இதையும் சொன்னேன்.

பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் "கொள்ளாம்" என்றார். எங்கள் பக்கத்தில் ஒன்று மனதுக்குப் பிடித்தால் சொல்கிற சொல் அது. சட்டை கொள்ளாம், மீன்கறி கொள்ளாம் என்போம். கால்நகம் கழன்றதற்கு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கார் ஓட்டுகிற வேலை கிடைத்துவிட்டது, பிளாண்டுக்குப் பின்னால் படுக்க ஓர் அறையும் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்று அது உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கம்ப்ரசர் பார்க்க வந்த கம்பெனிக்காரரிடம் தன் சிநேகிதன் ஒருவன் படகின் ஐஸ் அறைக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். இன்னும் ஒரு மாதம் போனது. பாலராமபுரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில், பெண்வீட்டாரிடம், படிக்கிற காலத்தில் பயிற்சிக்காகப் படகில் போனபோது தனக்கே அது நடந்ததாகச் சொன்னார். நான் டிரைவர்களுக்குப் போட்ட கடைசி மேசையில் இருந்து கேட்டேன். என் காலைவிட அவர் கால் நன்றாகவே மரத்துப்போனது. சொல்லத் தெரிந்தவர்.

அவருக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. பாறசாலையிலிருந்து பொழியூர்க் கடற்கரைக்கு, எங்கள் பேச்சில் கடப்புறத்துக்கு, போகிற வழியில் அவர் அப்பா கட்டிய பிளாண்ட். அப்பா பக்கவாதத்தில் விழுந்து போய்ச் சேர்ந்தபிறகு, எஞ்சினியரிங் முடித்துப் பெங்களூரில் இருந்தவரை அம்மா வரவழைத்து அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். பழைய மிஷன் சபைக் குடும்பம். வேலைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கடப்புறத்துக் கத்தோலிக்கர்கள். நாங்கள் எல்லோரும் அவரைச் சாரே என்று கூப்பிட்டோம். அவர் எங்களை மக்கா என்றார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருவனை வேலையிலிருந்து நிறுத்துவதையும் சாப்பிட்டாயா என்று கேட்பதையும் ஒரே குரலில் செய்வார். நிறுத்தப்பட்டவன் கேட்டுக்கு வெளியே போனபிறகுதான் தான் நிறுத்தப்பட்டதைப் புரிந்துகொள்வான்.

அவருக்கு ஒரே ஆசை. ஐரோப்பாவில் ஒரு பிசினஸ் ஸ்கூலில் எம்.பி.ஏ. படிக்கவேண்டும். அந்த ஊரின் பெயர் எனக்கு நாக்கில் நிற்காது. ஒரு வருடப் படிப்பு, முடித்தால் அங்கேயே பெரிய வேலை, இந்த உப்புத்தண்ணீர்த் தொட்டியையும் அமோனியா வாடையையும் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஆனால் விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று மட்டும் அவரால் முடிவெடுக்க முடியவில்லை. பார்க்கிற எல்லோரிடமும் கேட்டார். முடிவெட்டுகிறவரிடம், கரண்டு ஆபீசிலிருந்து வந்தவரிடம், ஐஸ் வாங்க வருகிற மீன்காரிகளிடம். போனால் பிளாண்டை யார் பார்ப்பது என்று ஒருவர் சொன்னால் அடுத்த வாரம் அது அவருடைய சொந்தக் கவலையாகிவிடும். இந்த வயதில் போகாமல் எப்போது போவது என்று இன்னொருவர் சொன்னால் அதற்கடுத்த வாரம் அதுவே அவர் பல காலம் யோசித்துக் கண்டுபிடித்ததாகிவிடும். மீன்காரி ஒருத்தி மட்டும், "ஐரோப்பாவுல ஐஸ் ரோட்டுல சும்மா கெடக்குமாம் சாரே. அத விட்டுட்டு நீரு இங்க கரண்டு குடுத்து உண்டாக்குதீரு" என்றாள். அதற்கும் கொள்ளாம் என்றார். பிறகு அதைச் சபையில் தன் நகைச்சுவையாகச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன்.

இதில் அவர் அம்மா ஒரு காரியம் செய்துவிட்டார். அவர்கள் சபையில் ஆராதனை நடுவே ஸ்தோத்திரக் காணிக்கை வாசிப்பார்கள். பிள்ளை பாசானதற்கு, வீடு பால் காய்ச்சியதற்கு, மூலம் ஆப்பரேஷன் நல்லபடி முடிந்ததற்கு என்று யார் யார் எதற்கு நன்றி செலுத்துகிறார்கள் என்பதைச் செயலாளர் மைக்கில் வாசிப்பார். மகன் மேற்படிப்புக்கு வெளிநாடு போக விண்ணப்பிப்பதற்காக என்று அம்மா கவரில் எழுதிப் போட்டுவிட்டார். நடந்ததற்குத்தான் நன்றி சொல்வது வழக்கம். நடக்கப்போவதற்கு முன்கூட்டியே நன்றி சொன்னால் ஆண்டவருக்கு மறுக்க முடியாமல் போகும் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆண்டவருக்கு எப்படியோ, மகனுக்கு அதன்பிறகு வழியில்லாமல் போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சபையில் எல்லோரும் எப்போ போறே என்று கேட்டார்கள். அடுத்த வருடம், விண்ணப்பம் தாமதமானபோதும் கர்த்தர் காத்து நடத்தினதற்காக என்று எழுதிப் போட்டார். மூன்றாவது வருடம் செயலாளர் அந்தக் கவரைப் பிரித்ததும் ஒருமுறை நிமிர்ந்து சாரைப் பார்த்துவிட்டுத்தான் வாசித்தாராம். பின்வரிசையில் பிள்ளைகள் சிரித்ததாக அவரே காரில் என்னிடம் சொன்னார். விண்ணப்பம் போடாவிட்டால் இந்தச் சிரிப்போடு கடைசிவரை இந்த ஊரில் கிடக்கவேண்டும். போட்டுக் கிடைக்காமல் போனால் இதைவிடப் பெரிய சிரிப்பு. அதுதான் அவரைப் பிடித்து நிறுத்தியது.

விண்ணப்பத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. மூன்றுக்கு எழுதிவிட்டார். நெருக்கடியைத் தாண்டியது, வேறு சமூகத்து மனிதர்களோடு வேலை செய்தது, அப்படி ஏதோ. எல்லாவற்றுக்கும் எங்களில் ஒருவன் கதை உதவியது. நான்காவதில் நின்றுவிட்டார். உன் தவறால் மற்றவருக்குக் கேடு வந்த ஒரு தோல்வியைச் சொல், அதன்பிறகு நீ என்ன செய்தாய் என்பதையும் சொல்.

"எனக்கு தோல்வின்னு ஒண்ணும் இல்ல மக்கா. அதாக்கும் பிரச்சன" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு அவருக்குத் தோல்வி கிடைத்தது.

தடைக்காலம் முடிந்து படகுகள் ஒன்றாகக் கடலில் இறங்கிய வாரம். ஐஸுக்கு லாரிகள் வரிசையில் நின்றன. பாளம் பாளமாக வரும் ஐஸை நொறுக்குகிற கிரஷரின் வாயில் ஓர் இரும்பு மூடி உண்டு. பாளத்தைத் தள்ளும்போதெல்லாம் அதைத் தூக்கி இறக்க வேண்டும். அந்த மூடியைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வை மக்கா, வேலை ஓடட்டும் என்று என்னிடம் சொன்னார். நான்கு போல்ட். ஸ்பேனர் எடுத்து நான்தான் கழற்றினேன்.

மூன்றாம் நாள் காலை தாசண்ணன் கை போனது. தாசண்ணன் பொழியூர்க்காரன், நாற்பது வயது, கிரஷரில் பதினொரு வருடம் நின்றவன். சிக்கிய பாளத்தைத் தட்டிவிடப் போனபோது கையில் சுற்றியிருந்த சாக்குத் துணியை உருளை இழுத்துக்கொண்டது. வலது கையில் சுண்டுவிரலும் அடுத்ததும் போயின. நான் சுவிட்சை அணைப்பதற்குள் கீழே கூடையில் விழுந்த ஐஸ் சிவப்பாகிவிட்டது. சார் ஓடி வந்தார். தாசண்ணனைக் காரில் ஏற்றச் சொன்னார். பிறகு திரும்பி, லோடு ஏற்றுகிறவர்களிடம், வெள்ளையா இருக்கிறதை ஏற்றுங்கள் என்றார். லாரிக்காரர்கள் காத்திருந்தார்கள், அது உண்மைதான்.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் தாசண்ணனை உள்ளே கொண்டுபோன பிறகு சாரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் கையைச் சுத்தம் பண்ணுகிற மருந்தை இரண்டு தடவை பூசிக்கொண்டார். தாசன் குடித்திருந்தானா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, தாசன் குடித்திருந்தானா என்று மறுபடி கேட்டார். இல்லை சாரே, அவர் குடிக்கிறதை விட்டு இரண்டு வருஷமாச்சு என்றேன். வெயில் பெஞ்சுக்கு வந்ததும் நகர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவையும் அதையே, அதே குரலில் கேட்டார். அப்போதுதான் அது கேள்வியில்லை என்று எனக்குப் புரிந்தது.

தொழிலாளர் ஆபீசிலிருந்து அதிகாரி வந்தபோது, தாசன் அன்று சாராய வாடையோடு வந்தான், மூடியை அவனே கழற்றினான் என்று சொன்னேன். அப்போது எனக்கு ஓர் அறையும் ஒரு கட்டிலும் இருந்தன. பதினைந்து வருடம் கழித்துக் கிடைத்த கட்டில். வேறு காரணம் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

தாசண்ணன் குடியை விட்டது சும்மா இல்லை. மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தபோது, இனி தொடமாட்டேன் என்று திருநாளன்று கோயிலில் எல்லோர் முன்னாலும் சிலுவையில் கைவைத்து நேர்ந்தவன். அதை நம்பித்தான் அவன் பெண்டாட்டி ஸ்டெல்லாக்கா அவனோடு இருந்தாள். அதிகாரி எழுதிக்கொண்டு போனது கடப்புறத்தில் ஒரே நாளில் பரவியது. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வீட்டுக்கு வந்தவனை அவள் உள்ளே விட்டாள், சோறு போட்டாள், மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு சந்து தள்ளி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சிலுவையில் வைத்த கைதானே போனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தாசண்ணன் சத்தியம் செய்து பார்த்தான். ஏற்கனவே ஒரு சத்தியத்தை உடைத்தவன் என்று ஆகிவிட்ட பிறகு அவன் செய்கிற சத்தியத்தை யார் மதிப்பார்கள்.

ஒரு நாள் பாறசாலைச் சந்தையில் என்னைப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, "நான் அண்ணைக்கு குடிச்சிருந்தேனாலே?" என்று கேட்டான். சொல்லிச் சொல்லி அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இல்ல அண்ணா."

அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். ஏன் சொன்னாய் என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கியது. காட்டாக்கடைக்கு ஒரு வேலையாகப் போய்த் திரும்பும்போது வழியில் வண்டியை ஒரு நிழலில் நிறுத்தச் சொன்னார். மடியில் லேப்டாப்பைத் திறந்து, நான்காவது கேள்விக்கு எழுதிவிட்டேன், கேள் என்றார். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னார்.

அப்படி ஓர் உண்மையை அவர் வாயிலிருந்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. மூடியைக் கழற்றச் சொன்னவன் நான். அவசரம் என்னுடையது. அந்த மனிதன் குடித்திருக்கவில்லை. குடித்திருந்தான் என்று ஒருவனை வைத்துச் சொல்லவைத்தேன். அவன் குடும்பம் பிரிந்தது. எல்லாம் இருந்தது. வெள்ளை ஐஸை ஏற்றச் சொன்னதுகூட இருந்தது. இயந்திரம் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது என்ற இடத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெண்டு விரல் சாரே" என்றேன்.

"தெரியும். மூணுன்னாத்தான் வாசிக்கியவன் மனசுல நிக்கும்."

எனக்கு அவர்மேல் அன்று ஒரு மரியாதை வந்தது. இந்த மனிதருக்குள் இவ்வளவு கிடந்திருக்கிறதே என்று நினைத்தேன். இதை ஸ்டெல்லாக்காவிடமும் ஒரு தடவை சொல்லிவிடலாமே என்று கேட்டேன்.

"இது அங்க உள்ளவங்களுக்காக்கும்" என்றார். கோபமில்லாமல்தான். பிறகு, கடைசிப் பத்தி வரமாட்டேன் என்கிறது என்றார். அதன்பிறகு என்ன செய்தாய் என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர் ஒன்றும் செய்யவில்லை. செய்ததாக எழுதலாம்தான். ஆனால் நேர்முகத்தில் கிண்டிக் கிண்டிக் கேட்பார்கள், சிலசமயம் ஆள்விட்டும் விசாரிப்பார்களாம். "நடக்காத்தத எழுதப்படாது மக்கா. பிடிச்சுப்போடுவாங்க." அந்தப் பத்தி இல்லாமல் அனுப்பினால் கிடைக்காது, கிடைக்காததற்கு அனுப்பிச் சிரிப்பு வாங்குவதைவிட அனுப்பாமலே இருக்கலாமா என்று என்னிடம் கேட்டார். மூன்று வருடமாகக் கேட்ட அதே கேள்வி. நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாளே பொழியூருக்குப் போய்த் தாசண்ணனிடம் சொன்னேன். இப்படி ஒரு காகிதம் இருக்கிறது, அதில் உள்ளது உள்ளபடி இருக்கிறது என்றேன். அவன் பழைய வலையிலிருந்து நூலை இடது கையால் பிரித்துக்கொண்டே கேட்டான். விரல் மூன்று என்று எழுதியிருக்கிறார் என்றதும் தன் கையைத் தூக்கிப் பார்த்தான். அன்று மதியமே பிளாண்டுக்கு வந்துவிட்டான். அங்கே வேலை செய்த எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"சாரே, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான். "நீரு எழுதின காகிதத்த எனக்க பெண்டாட்டி கேக்க ஒருக்கா வாசிக்கணும். நீரு வாசிச்சா அவ நம்புவா."

சார் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் வேறு ஒன்று வந்தது. கல்யாணப் பந்தியில் என் கதையைச் சொன்னபோது வந்த அதே வெளிச்சம்.

"நான் வந்து வாசிச்சா அவ திரும்பி வீட்டுக்கு வருவாளா?"

"வருவா சாரே."

"கொள்ளாம்" என்றார். "ஞாயிற்றுக்கெழம ஆராதனை முடிஞ்சு வாறேன்."

தாசண்ணன் கும்பிட்டான். விரல் குறைந்த கையும் முழுக்கையும் சரியாகச் சேரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வெள்ளைச் சட்டையில், பைபிளும் ஒரு ஃபைலுமாகக் காரில் ஏறினார். நீயும் வந்து பக்கத்தில் நில் என்றார். ஸ்டெல்லாக்காவின் அண்ணன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். பூசை முடிந்து வந்தவர்கள் அப்படியே கூடிவிட்டார்கள். நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். ஸ்டெல்லாக்கா வாசற்படியில் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள். தாசண்ணன் முற்றத்தின் ஓரத்தில், அந்த வீட்டுக்குள் வர உரிமையில்லாதவன்போல நின்றான்.

சார் உட்காரவில்லை. நின்று வாசித்தார். அவர் காரில் வாசித்தது இல்லை அது.

தாசன் குடித்திருக்கவில்லை என்று தொடங்கினார். அந்த ஒரு வரியில் முற்றமே அசைந்தது. தாசனின் மூன்று விரல்கள் போனதற்குத் தன் நிறுவனம் காரணம் என்றார். எல்லோரும் தாசண்ணன் கையைப் பார்த்தார்கள். யாரும் எண்ணிச் சொல்லவில்லை. பிறகு, அந்த மூடியைக் கழற்றியது எங்கள் டிரைவர் என்றார். தன் தவறு வெளியே வந்துவிடும் என்று பயந்து, தாசன் குடித்திருந்தான் என்று அதிகாரியிடம் பொய் சொன்னதும் அவன்தான். நான் அவனை நம்பினேன் என்று மேலே வாசித்தார். வீடில்லாமல் அலைந்த ஒருவனை இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டவன் நான், அந்த இரக்கமே என் கண்ணை மறைத்தது. இதுதான் என் தோல்வி. மூன்று மாதம் கழித்து உண்மை தெரிந்ததும் அவனையே இங்கே அழைத்துவந்து உங்கள் முன்னால் நிறுத்தியிருக்கிறேன்.

வள்ளம் ஒன்றைக் கரையில் ஏற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாக்கா படியிறங்கி என் முன்னால் வந்து நின்றாள்.

"நீயாலே சொன்னே, குடிச்சிருந்தார்னு?"

நான் தாசண்ணனைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும். இரண்டு நாளைக்கு முன்னால்தான் உட்கார்ந்து முழுக்கக் கேட்டவன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் மூன்று மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் இப்போது வாயைத் திறந்தால் மறுபடி எல்லாம் குழம்பும். சார் சொல்வதா, டிரைவர் சொல்வதா, குடிகாரன் சொல்வதா என்று ஊர் மறுபடி ஆரம்பிக்கும்.

"ஆமா அக்கா. நான்தான் சொன்னேன்."

"மூடிய கழட்டினதும் நீயா?"

"ஆமா."

கேட்ட இரண்டும் உண்மை. அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. என் காலடியில் துப்பினாள். "எனக்க பிள்ள மூணு மாசம் தகப்பனுக்க மொகத்த பாக்காம கெடந்துதே, ஒனக்கு பிள்ளயும் இல்ல குட்டியும் இல்ல, ஒனக்கு எங்க தெரியப்போவுது" என்றாள். அதுவும் உண்மைதான். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வந்து, தாசண்ணனின் விரல் குறைந்த கைப்பக்கம் போய் நின்றாள்.

இவனை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர் என்று அவள் அண்ணன் கேட்டான். நாலைந்து பேர் என்னை நெருங்கி வந்தார்கள். சார் கையை உயர்த்தி, தான் என்னை மன்னித்துவிட்டதாகவும் மனிதன் திருந்துவான் என்றும் சொன்னார். அவர் கண்ணில் நீர் இருந்தது. ஒரு கிழவி அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள். தாசண்ணனும் ஸ்டெல்லாக்காவும் மகளும் என்னைத் தாண்டித்தான் சந்துக்குள் போக வேண்டியிருந்தது. போனார்கள். மகள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தாசண்ணன்மேல் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தால் நானும் மகளைத்தான் பார்த்திருப்பேன்.

திரும்பும்போது அவர் பின்சீட்டில் லேப்டாப்பில் தட்டிக்கொண்டே வந்தார். பாறசாலை நெருங்கும்போது தட்டுவது நின்றது. கடைசிப் பத்தியைத் தமிழில் சொன்னார். அவனை அவன் கெடுத்த வீட்டுக்கே அழைத்துச் சென்றேன். அவன் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டான். அந்தக் குடும்பம் அன்றே சேர்ந்தது. பொய் சொன்னவனை நான் வேலையைவிட்டு நீக்கவில்லை. இன்றும் அவன்தான் என் கார் ஓட்டுகிறான். ஒருவரை நம்புவது என்றால் என்ன என்பதை நான் அவனிடம் கற்றேன்.

"எப்படி இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. இனி யார் வந்து விசாரித்தாலும் ஐம்பது பேர் சாட்சி.

போன் வழியாக நெட்டைப் பிடித்து ஏதோ ஒன்றை அழுத்தினார். அனுப்பிவிட்டேன் என்றார். மூன்று வருடக் குழப்பம் அத்தனை சுலபமாக முடிந்தது. பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மாவுக்குப் போன் செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தைரியமாகக் கவர் போடச் சொன்னார்.

ரயில் ஸ்டேஷன் பக்கம் வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"மக்கா, கடப்புறத்துக்காரங்க இனி ஒன்ன பிளாண்டுல கண்டா சும்மா விடமாட்டாங்க. லோடிங்குக்கு ஆளு வராது. ஒனக்க நல்லதுக்காக்கும் சொல்லுதேன். நாளைக்கு வராண்டாம். சாமான ஆளுகிட்ட குடுத்து விடுதேன்."

"அதுல வேலையில வச்சிருக்கேன்னு எழுதியிருக்கீரே சாரே."

"அது எழுதின நேரம் வச்சிருந்தேனே" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரல்.

நான் இறங்கிச் சாவியை அவரிடம் கொடுத்தேன். அவர் முன்சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, சீட்டைத் தன் காலுக்குத் தகுந்தபடி முன்னால் இழுத்துக்கொண்டார். வண்டி நகர்ந்து, கொஞ்ச தூரத்தில் நின்று, பின்னால் வந்தது. கண்ணாடி இறங்கியது. மனசு மாறிவிட்டதோ என்று குனிந்தேன்.

நேர்முகத்துக்கு வேண்டும் என்றார். அந்தப் படகில், ஐஸ் அறைக்குள், எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று கேட்டார். அவருக்கு மறந்துவிட்டதாம்.

"ரெண்டு மணி நேரம்" என்றேன்.

"கொள்ளாம்" என்றார்.